தொழுகைக்கூடத்துப் பெட்டிகளும் என் பொறாமையும்

அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் வந்த நாளிலிருந்து அவை திரும்பிப் போன நாள்வரை என் மனதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஓசூரில், பாகலூர் ரோட்டில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றித் தருவதுதான் வேலை. முதலாளிக்கு ஆபீஸ் பெங்களூரில். வாடகை இங்கே குறைவு என்பதால் ஸ்கேனர்களும் நாங்களும் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி ஃபைல்கள் வரும், மூடிய கம்பெனிகளின் காகிதங்கள் வரும். யாரும் திரும்பிப் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வோம்.

அவள் எனக்குப் பிறகு வந்தவள். அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் சிப்காட்டில் ஒரு தையல் கம்பெனியில் ஒரே லைனில் உட்கார்ந்து காலர் தைத்தவர்கள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது, "அக்கா, உங்க எடத்துல எனக்கும் எதாச்சும் பாருங்கக்கா" என்று கேட்டாள். சூப்பர்வைசரிடம் பேசி நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நைந்த காகிதத்தை எப்படித் தூக்குவது, துருப்பிடித்த பின்னைக் கிழியாமல் எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

அவளுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வேலையில் தமிழ். வடக்கிலிருந்து தையல் கம்பெனிக்கு வந்த பெண்களோடு சாப்பிட்டுச் சாப்பிட்டு இந்தியும் வந்துவிட்டது. எனக்கு இந்தி கேட்டால் புரியும், பேச வராது. ஆங்கிலம் படிப்பேன். பேசும்போது வாய்க்கு வராது.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம் முதலாளி நேரில் வந்து புது வேலையைச் சொன்னார். மகாராஷ்டிரக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று. கூரை ஒழுகி அலமாரியெல்லாம் நனைந்துவிட்டது. மிச்சம் இருக்கும் காகிதம், புகைப்படம், புத்தகம் எல்லாவற்றையும் பதிவுசெய்து அங்கேயே ஒரு ஆவண அறை வைக்கப் போகிறார்கள். அந்தச் சமூகத்துப் பெண்மணி ஒருவர் பெட்டிகளோடு வந்து வேலை முடியும்வரை ஓசூரில் தங்குவார்.

"யூதர்னா யாருக்கா?" என்று அவள் என் காதோரம் கேட்டாள்.

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நான் மத்திகிரிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிறு தவறாமல் வாசகம் கேட்டு வளர்ந்தவள். தொழுகைக்கூடம் என்பது எனக்கு நற்செய்தியிலிருந்து தெரிந்த சொல். இயேசு எழுந்து நின்று சுருளை விரித்து வாசித்த இடம் அது. ஆபிரகாம், மோசே, தாவீது எல்லாரும் எனக்குத் தெரிந்த ஆட்கள். இவளுக்கோ யூதர் என்றால் யார் என்றே தெரியவில்லை. இந்த வேலை எனக்கென்றே வந்தது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த அம்மா வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். மெல்லிய வாயில் துணிச் சேலை, தோளில் துணிப்பை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டில் பேசுவது மராத்தி. எங்களோடு இந்தியில் பேசினார், நடுநடுவே ஆங்கிலம். நான் முந்திக்கொண்டு போய், நான் கிறிஸ்தவள், உங்கள் ஆபிரகாமை எனக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம். அவர் சிரித்துத் தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இங்கே நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று இந்தியில் கேட்டார். அவள் சொன்னாள். இருவரும் கீழே இறங்கிப் போனார்கள். திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் நாற்காலி அவளுடைய ஸ்கேனருக்குப் பக்கத்தில் போய்விட்டது. கடைசிவரை அங்கேதான் இருந்தது.

முதல் புத்தகத்தை நான்தான் எடுத்தேன். தடித்த ஜெபப் புத்தகம், எபிரேய எழுத்து. நாலு ஓரமும் பழுப்பேறியிருந்தது. மிகுந்த கவனத்தோடு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முடித்தேன். அந்த அம்மா வந்து திரையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவர்களுடைய எழுத்து வலமிருந்து இடம். புத்தகத்தின் தொடக்கம் நாம் பின்னட்டை என்று நினைக்கும் பக்கம். நான் முழுப் புத்தகத்தையும் கடைசியிலிருந்து முதலுக்கு ஏற்றியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. என் பேத்தியும் இப்படித்தான் செய்வாள் என்று ஏதோ சொல்லிச் சிரித்தார். அடுத்த புத்தகத்தை அவள் சரியாக ஏற்றினாள். என் தவறைப் பார்த்த பிறகு யார்தான் சரியாக ஏற்றமாட்டார்கள்? ஆனால் "பஹுத் அச்சா" அவளுக்குத்தான் கிடைத்தது.

சனிக்கிழமை அந்த அம்மா வரமாட்டார். அது அவர்களுடைய ஓய்வு நாள். வெள்ளி மாலை சூரியன் சாய்வதற்குள் லாட்ஜ் அறைக்குப் போய்விடுவார். ஞாயிறு நான் வரமாட்டேன். இரண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சூப்பர்வைசர், "ஒருத்தருக்கு சனி, ஒருத்தருக்கு ஞாயிறு, கடவுளுக்கு லீவு குடுத்தே எனக்கு ஷெட்யூல் போச்சு" என்று புலம்புவார். எனக்குச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. அந்த நாற்காலி காலியாக இருக்கும். அவள் பழையபடி என்னிடம் பேசுவாள்.

புத்தகங்கள் முடிந்து புகைப்படங்களுக்கு வந்தோம். பொறாமை அதுவரை அவள்மேல் மட்டும்தான் இருந்தது. படங்கள் வந்த பிறகு பெட்டிகள்மேலும் வந்துவிட்டது.

ஒரு கல்யாணப் படம் இருக்கும். மணப்பெண் மராத்திப் பெண் மாதிரி சேலை கட்டியிருப்பாள், தலையில் பூச்சரம். பின்னால் மூன்று வரிசை ஆட்கள். அந்த அம்மா விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போவார். இவர் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். இவர் ரயில்வேயில் கார்டு. இந்தக் குழந்தைதான் இப்போது இஸ்ரேலில் பல் டாக்டர். ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரியும் சிறுவனுக்கும் பெயர் உண்டு, அவனுடைய அம்மாவுக்கும் பெயர் உண்டு. கல்யாண ஒப்பந்தங்கள் தனிக் கட்டு. பூவும் மீனும் வரைந்த ஓரம், நடுவே எபிரேயம், கீழே சாட்சிகளின் கையெழுத்து. யார் எப்போது கொடுத்தது என்று கிண்ணத்துக்கு ஒரு சீட்டு, விளக்குக்கு ஒரு சீட்டு. இத்தனைக்கும் அந்த ஊரில் இப்போது மிச்சம் இருப்பவர்கள் எல்லாரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

என் அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் மாடு பார்த்தவர். அவருக்கு இருக்கும் ஒரே படம் வேலை அட்டையில் ஒட்டியிருந்தது. அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறோம். பெரிதாக்கியதில் ஒரு காது கரைந்துபோய்விட்டது. அம்மா அப்பா கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. அப்பாவின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அதையெல்லாம் நான் அதுவரை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அந்த அம்மாவின் விரல் ஒவ்வொரு முகத்தின்மேலும் போய் நிற்க நிற்க, எனக்கு வயிறு எரிந்தது. நம்மை யாரும் இப்படி எடுத்து வைக்கவில்லையே என்று.

உதிர்ந்த துணுக்குகளைக்கூட அவர்கள் எறியவில்லை. ஜெபப் புத்தகத்திலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டு விழுந்தாலும் அந்த அம்மா அதை எடுத்து ஒரு வெள்ளை உறையில் போடச் சொன்னார். கடவுளின் பெயர் எழுதிய காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது, ஊருக்குக் கொண்டுபோய் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். அந்த உறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் மேஜை இழுப்பறையில் பூட்டி, சாவியைத் தாலிச்சரட்டில் ஊக்கோடு மாட்டிக்கொண்டாள். என் மேஜையில் விழுந்த துணுக்கையும் நான் எழுந்து போய் அவளிடம்தான் கொடுக்க வேண்டும்.

"எங்கிட்டயே ஒரு கவர் இருந்தா என்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. அவங்க எங்கிட்ட குடுத்தாங்க. வேணும்னா கேட்டுச் சொல்லட்டா?"

"ஒண்ணும் வேணாம்."

வேலை முடிந்த அன்று அந்த அம்மா ஒரு தட்டில் நன்றிப் படையல் வைத்தார். அவலை நனைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டு, சுற்றிலும் பழங்கள். எங்கள் பக்கத்து அவல் மாதிரியேதான் இருந்தது. எலியா தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லி அவர்கள் ஊரில் எல்லா நல்ல காரியத்துக்கும் இதைச் செய்வார்களாம். எலியா என்றதும் நான் விட்டுவிடவில்லை. காகங்கள் அவருக்கு அப்பம் கொண்டுவந்த கதை எனக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்த அம்மாவின் கண்கள் விரிந்தன. "உனக்கு எலியாவைத் தெரியுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கா எலியா?" என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு அவலைவிட இனித்தது.

அந்தத் தைரியத்தில், மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டேன். உங்களுக்கு எல்லாம் இருக்கிறது, எங்கள் கோயிலில் ஒன்றும் இல்லை என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். உங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். உள்ளே இடம் பத்தாது, வெளியே பந்தல் போடுவார்கள் என்றேன்.

"எங்களுக்குக் கூட்டு ஜெபம் தொடங்கப் பத்து ஆண்கள் வேண்டும். பல சனிக்கிழமைகள் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பிறகு பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மாற்றிக்கொள்ளலாமா? எனக்கு உன் பந்தலைக் கொடு. இந்தப் பெட்டிகளை நீ வைத்துக்கொள்."

அவர் குரலில் கேலி இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நியாயமாக எனக்கும் கண் கலங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் என் மனம் பெட்டிகளைத்தான் பார்த்தது. சரி, கொடுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெட்டிகள் போய்க் கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது. தொழுகைக்கூடத்தில் ஆவண அறையைத் திறக்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வரலாம். அந்த அம்மா அவளைத்தான் அனுப்பச் சொல்லியிருந்தார். துணுக்கு உறையை அவள் கையால் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். அதை எடுத்துப் போகாமல் அவளிடம் விட்டுச் சென்றதே இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று வீட்டில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு இந்தி வருது, கூப்புட்டாங்க. இதுல என்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா ரசத்துல எதுக்கு ரெண்டு தடவ உப்புப் போட்ட?"

அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு பங்குச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். இன்று யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. பொறாமை இல்லையென்றால் நான் அந்தப் படி ஏறியிருக்கமாட்டேன்.

"ஃபாதர், நம்ம கோயில்லயும் பழசெல்லாம் சேத்து வெக்கணும். ஃபோட்டோ, காயிதம் எல்லாம். நானே ஸ்கேன் பண்ணித் தரேன்."

"நல்லதுதான். திடீர்னு என்னம்மா?"

"எங்கப்பாவோட ஞானஸ்நானம் எங்க எழுதியிருக்குதுன்னு கேட்டா, இங்க யாருக்கும் தெரியல ஃபாதர்."

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர் இந்தப் பங்குக்குப் புதியவர். "பழைய ரெஜிஸ்டர்ல பாதி, புதுக் கோயில் கட்டுறப்ப காணாம போச்சுன்னு சொல்றாங்க. கரையான்னும் சொல்றாங்க. இருக்குறத வெச்சு ஆரம்பிங்க" என்றார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைக்கும் பின்னறையைத் திறந்துவிட்டார். ஞாயிறு பூசை முடிவில், வீட்டில் பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அறிவிப்பும் செய்தார். அலுவலகத்தில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய ஸ்கேனர் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மாட்டுக்கொட்டகைப் பொம்மைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேஜை போட்டு உட்கார்ந்தேன். அவள் அப்போது ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு ஃபோன் செய்து இதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் வந்தவை எல்லாம் கல்யாண ஆல்பங்கள். நேற்று எடுத்தது மாதிரி பளபளப்பானவை. ஒருவர் வீடியோ கேசட் கொண்டுவந்தார். ஒரு பாட்டி ரேஷன் கார்டைக் கொண்டுவந்து, பெயர் சேர்க்கிறார்களா என்று கேட்டார். நான் நொந்துபோய் மூடப் போகும் நேரத்தில், பண்ணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நீட்டினார். பண்ணை மைதானம். கழுத்தில் மாலையோடு பெரிய வெள்ளைக் காளை. அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைப்பாகை கட்டிய ஒருவர்.

அறையில் இருந்த வயதானவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். காளையின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது யாரையும் கிட்டே சேர்க்காது, கண்காட்சியில் பரிசு வாங்கியது, அது செத்த அன்று பண்ணையில் பாதிப் பேர் சாப்பிடவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"கயித்தப் புடிச்சிக்கினு நிக்கறவரு யாரு?" என்று கேட்டேன்.

படத்தை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் தேன்கனிக்கோட்டை ஆள் என்றார். இன்னொருவர், இல்லை, அவர் இவ்வளவு உயரம் இல்லை என்றார். கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. அப்பாவாக இருக்குமோ என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா இல்லை. வரிசையில் பாதி முகம் தெரியும் சிறுவனுக்குக்கூடப் பெயர் இருந்த அந்தக் கல்யாணப் படம் ஞாபகத்துக்கு வந்தது. காளையின் பெயரை எழுதினேன். அதன் கீழே, பிடித்திருப்பவர் தெரியவில்லை என்று எழுதினேன். இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் அந்தக் கடற்கரை ஊரிலிருந்து திரும்பி, ஒரு பொட்டலத்தோடு நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் படங்கள் போட்டு வைக்கும் நல்ல காகித உறைகளும் பருத்திக் கையுறைகளும்.

"நீங்க கோயில்ல ஆரமிச்சிருக்கறதச் சொன்னேன்க்கா. அவங்களுக்கு ரொம்ப சந்தோசம். உங்களுக்குன்னு குடுத்து வுட்டாங்க."

எனக்காக அந்த அம்மா கொடுத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். இவள் ஏன் சொன்னாள், நானே சொல்லியிருப்பேனே என்றுதான் தோன்றியது. எந்த மொழியில் சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம். "அங்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"துணுக்கையெல்லாம் பொதச்சாங்கக்கா. சின்னக் குழி. நானும் ஒரு கை மண்ணு போட்டேன். நீங்க இருந்திருந்தா அவங்க பாடுனது என்னான்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன்."

அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை, ஆறுதலுக்கும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கடினமாகிவிட்டது. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

அன்று முதல் அவளும் கோயிலுக்கு வருகிறாள். அவளுக்கு இந்தக் கோயிலில் யாரும் இல்லை. அவள் வீட்டுச் சாமி வேறு. ஆனால் எங்கள் பங்கில் கன்னடமும் தெலுங்கும் மட்டும் பேசும் முதியவர்கள் நிறைய. அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டால், என்னிடம் சொல்லாததெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது. கெலவரப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்த பழைய படத்தை வாங்கி வந்து அவள் மடியில் வைக்கிறார்கள். நான் ஸ்கேனர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அவள் பேசி வாங்கியது.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவள் வரத் தாமதமாகிவிட்டது. கன்னடம் பேசும் ஒரு மூதாட்டி துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஆ ஹுடுகி பர்லில்வா?" என்றார். அந்தப் பொண்ணு வரவில்லையா என்று.

"பர்த்தாளெ, கூத்கொள்ளி" என்றேன். எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். வருவாள், உட்காருங்கள்.

அவர் உட்கார்ந்தார். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கை நீட்டிக் கேட்டுப் பார்த்தேன், இன்னும் இறுக்கிக்கொண்டார். சரி என்று நானும் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.